பயம் தெளிய ஓர் இலை

பயத்துக்கு மருந்து கண்டுபிடிக்கிற வேலையைக் கொண்டுபோய் அந்தக் கட்டடத்திலேயே மகா பயந்தாங்கொள்ளியிடம் கொடுத்தார்களே, அதைச் சொல்லுங்கள். வேறு ஆளே கிடைக்கவில்லையா? மூன்று மாடி, பதினொரு ஆய்வகம், நாற்பது ஆராய்ச்சி மாணவர்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பொறுக்கி எடுத்தது போல இவளிடம்.

இவளுக்கு அங்கே பூனை என்று பெயர். எலிகளோடு வேலை செய்கிறவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தது எலிவீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான். பாய்வதால் அல்ல, பதுங்குவதால். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எதிரே யாராவது வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற நிறுத்தம் வரை போய்விட்டு நடந்தே திரும்பி வருவாள். வயது முப்பத்திரண்டு. ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம். இந்த ஐந்து வருடத்தில் அவள் தன் பேராசிரியரிடம் பேசியதில் பாதி 'சரி மேடம்', மீதி 'சாரி மேடம்'.

பேராசிரியரையும் சும்மா சொல்லக் கூடாது. அந்த அம்மாள் மேல்மாடியில் தும்மினால் கீழ்மாடியில் ஒருவர் எழுந்து நிற்பார். குரல் அப்படி.

கட்டடத்தின் பின்வேலியில் ஒரு கொடி படர்ந்திருந்தது. அதன் இலையை மென்றால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், பயம் தெளியும் என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் சொல்ல, பேராசிரியர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தாள் பூனை. ஆல்கஹாலில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டி, ஆல்கஹாலை ஆவியாக்கி விரட்டினாள். ஒரு கூடை இலைக்கு ஒரு கரண்டி பிசின் மிஞ்சியது, தார் மாதிரி கறுப்பாக. கை, சட்டை, கதவுப்பிடி என்று எல்லா இடத்திலும் ஒட்டியது. வீட்டுக்குப் போனால் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரோடு போட்டுட்டு வர்றியா?" என்பாள்.

அந்தப் பிசினைத் தண்ணீரில் கரைத்துச் சுண்டெலிகளுக்குக் கொடுக்க வேண்டும். பத்து எலிக்கு இலைச்சாறு, பத்து எலிக்கு வெறும் தண்ணீர். பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் பரீட்சை.

பரீட்சை என்றால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. இடுப்புயரத்தில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பலகை. எதிரெதிரான இரண்டு கிளைகளுக்குப் பக்கச்சுவர் உண்டு. மற்ற இரண்டும் மொட்டை, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பயந்த எலி சுவருக்குள் ஓடி மூலையில் ஒடுங்கிவிடும். பயம் தெளிந்த எலி மொட்டைப் பலகையில் வெளியே வரும். எவ்வளவு நேரம் வெளியே நின்றது என்பதுதான் மதிப்பெண்.

தண்ணீர் குடித்த எலிகள் சுவரை விட்டு மூக்கைக்கூட நீட்டவில்லை. இலைச்சாறு குடித்த எலிகளோ, அம்மாடி, மொட்டைப் பலகையில் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி உலாத்தின. விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தன. ஒன்று அங்கேயே உட்கார்ந்து சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பார்த்த பேராசிரியர் சிரித்தார். ஐந்து வருடத்தில் அந்த முகத்தில் பல் தெரிந்தது அன்றுதான். அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாடு. மருந்துக் கம்பெனிக்காரர்களும் வருவார்கள். அங்கே இதைப் பேசப்போவதாக எழுதிப் போட்டுவிட்டார். பூனையின் ஆய்வேடும் இதை நம்பித்தான் நின்றது. இது போனால் பட்டமும் போச்சு.

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் எலிவீட்டு அண்ணன் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். பூனை உள்ளே நுழைந்ததும் வம்புக்கு இழுத்தார்.

"என்னம்மா பூனை, இப்படியா ஓரவஞ்சனை பண்ணுவ?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"இந்தக் கூண்டுல இருக்கிறதுங்க கைய நீட்டினா தானா ஏறுது. அந்தக் கூண்டுல கைய விட்டா கடிக்குது. விரலப் பாரு. இதுங்கள மட்டும் தூக்கிக் கொஞ்சிட்டு, அதுங்கள தொடவே இல்லையா நீ?"

"கொஞ்சலண்ணே. அது மருந்து. இலை வேலை செய்யுது."

"இலைய நிறுத்தி மூணு வாரம் ஆச்சேம்மா. இன்னுமா வேலை செய்யுது? நல்ல இலையா இருக்கே!"

சிரித்துக்கொண்டே அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார் மனுஷர். இவள் இரண்டு கூண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். எலி தானாக மருந்து குடிக்காது. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, வாய்வழியாக வயிற்றுக்குள் ஒரு சின்னக் குழாயை இறக்கி ஊற்ற வேண்டும். தண்ணீர்க் கூட்டத்துக்கும் அதே போலத் தூக்கி, அதே குழாயை இறக்கி, அதே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். சட்டம் அது. இலை ஒன்றைத் தவிர இரண்டு கூட்டத்துக்கும் இம்மியளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. பூனைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முதல் நாள் தண்ணீர்க் கூட்டத்தில் ஒரு எலியைத் தூக்கினாள். அது கத்தியது. வெறும் தண்ணீருக்காகவா இந்தப் பாடு என்று மனசு கேட்கவில்லை. கூண்டில்தான் தண்ணீர்ப் புட்டி தொங்குகிறதே, தாகம் எடுத்தால் குடிக்காதா? விட்டுவிட்டாள். நோட்டில் மட்டும் 'தண்ணீர் கொடுக்கப்பட்டது' என்று பதினான்கு நாளும் எழுதினாள். புட்டியில் தண்ணீர் இருந்தது அல்லவா, அதனால் அது பொய் இல்லையாம்! படித்த பெண்ணின் சமாதானத்தைப் பாருங்கள்.

ஆக, ஒரு கூட்டத்தைத் தினமும் மனிதக் கை தூக்கியது, இறக்கியது. முதல் நாள் கத்தின, பத்தாம் நாள் பழகிவிட்டன. இன்னொரு கூட்டம் கையையே பார்க்காமல் இருந்துவிட்டு, பதினைந்தாம் நாள் திடீரென்று அந்தரத்தில் கொண்டுபோய் விட்டால் நடுங்காமல் என்ன செய்யும்? பயத்தைத் தெளியவைத்தது இலையா, கையா?

யாரிடமும் மூச்சு விடவில்லை. அனுமதி வாங்கியதில் மிச்சமிருந்த இருபது எலிகளை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை இருபதையும் தினமும் தூக்கினாள். பத்துக்கு இலை, பத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் அதே குழாய். தூக்கும்போது ஒவ்வொன்றிடமும் 'மன்னிச்சுக்கோடா' என்றாள். பதினைந்தாம் நாள் கடிகாரத்தை எலிவீட்டு அண்ணன் கையில் கொடுத்தாள். எந்தக் கூண்டு எது என்று அவரிடம் சொல்லவில்லை.

இருபது எலியையும் பார்த்து முடித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"இதுல எதும்மா இலை? ரெண்டு கூண்டும் ஒண்ணு போலல்ல வெளிய சுத்துது!"

பூனை தீவன மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமல்தான், அழுகையிலும் அவளுக்கு அந்தப் பழக்கம். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எலிங்க நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாநாட்டுக்கு இன்னும் இரண்டே நாள்.

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அன்று வார விடுமுறை. சமையலறை மேடையில் காய் நறுக்கிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"சரி, நீ சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பட்டம் கிடைக்கும்."

"சொன்னா?"

"எல்லாத்தையும் மறுபடி செய்யணும். ஒரு வருஷமாவது ஆகும். மேடம் என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

"அப்ப வாய மூடிட்டு இரு. உனக்கு அதுதான் கைவந்த கலையாச்சே."

"எப்படிக்கா இருக்கிறது? நாளைக்கு இத பாட்டில்ல போட்டு விப்பாங்க. ராத்திரி பகலா நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு வெளிய வரவே பயந்து கிடக்கிறவங்க இருக்காங்க. அவங்க டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திட்டு இத குடிப்பாங்க. இதுல ஒண்ணுமே இல்லக்கா. வெறும் இலை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி, ஒரே மூச்சுல எத்தனை பேசிட்ட! இதையே போய் அந்தம்மாகிட்ட பேசேண்டி."

"நீ அக்கா. அவங்க மேடம்."

"மேடம்னா என்ன, விழுங்கிடுவாங்களா? முதல்ல மூஞ்சியக் கழுவு. போ."

போனாள். பேராசிரியரின் அறை வாசல் வரை போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரையோ போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பித் தண்ணீர் குடிக்கப் போனாள். மறுபடி வந்தாள். இப்போது போன் பேசவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. தாகமே இல்லாமல் இன்னொரு தம்ளர் குடித்தாள். மூன்றாவது தடவை வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரது, போறதும் வர்றதுமா? உள்ள வா!"

வந்தாள். சொல்ல வேண்டியதைத் தரையைப் பார்த்துச் சொன்னாள். தூக்காத எலிகள், புட்டித் தண்ணீர், நோட்டில் எழுதிய பொய், புதிய இருபது எலிகள், கடிகாரம், எல்லாவற்றையும். கடைசியில், "இலையில ஒண்ணும் இல்ல மேடம். தப்பு என் மேலதான்" என்று முடித்தாள். முடித்துவிட்டு இடி விழுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

விழவில்லை. கண்ணைத் திறந்தால், பேராசிரியர் மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய பழைய நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி அவள் பக்கம் திருப்பினார்.

"தினமும் தூக்கறப்ப எடை பாத்து எழுதணும். இலைக் கூட்டத்துக்கு எழுதியிருக்க. தண்ணிக் கூட்டத்துக்குப் பாரு. பதினாலு நாளும் கட்டம் காலி."

அந்தக் காலிக் கட்டங்களுக்குக் கீழே பேராசிரியரின் கையெழுத்து இருந்தது, தேதியோடு.

"எனக்கு அன்னைக்கே கண்ணுல பட்டுச்சு" என்றார் பேராசிரியர்.

"அப்ப ஏன் மேடம் கேக்கல?"

இதை யார் கேட்டது என்று பூனையே ஒரு கணம் திகைத்துப்போனாள்.

"கேட்டா நீ உண்மையச் சொல்லிடுவியேன்னு பயம்." அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. "முப்பது வருஷமா இலை இலையா அரைக்கிறேன். ஒண்ணும் தேறல. அடுத்த வருஷம் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒண்ணே ஒண்ணாவது வேலை செய்யட்டுமேன்னு பேசாம கையெழுத்து போட்டுட்டேன். உன்ன ஒரு கமாவுக்கெல்லாம் திட்டியிருக்கேன் நான். இதுக்குத்தான் திட்டியிருக்கணும்."

பூனைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துத்தான் எல்லாம் கெட்டது என்பதும் ஞாபகம் வந்தது. அதனால் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

"மாநாட்டுக்கு வரலன்னு எழுதிடவா?" என்று பேராசிரியர் கேட்டார். அவளைத்தான் கேட்டார், அறையில் வேறு யாரும் இல்லை. "உடம்பு சரியில்லன்னு."

"வேண்டாம் மேடம். போய் நடந்தத சொல்லிடலாம். இல்லன்னா வேற யாராவது இதே இலைய அரைக்க ஆரம்பிச்சிடுவாங்க."

பேராசிரியர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"சரி. சொல்லிடறேன். ஆனா நீ முன்வரிசையில என் கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காரணும். எனக்கு பயமா இருக்கு."

"நீங்க உக்காருங்க மேடம். நான் சொல்றேன்."

"எது, நீயா? மைக் வச்சாலும் உன் குரல் கேக்காதே!"

"எலியத் தூக்காதது நான்தான் மேடம். நான்தான் சொல்லணும்."

பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரு. என்ன சொல்லப்போறன்னு சொல்லிக் காட்டு. சத்தமா" என்றார். பூனை உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது. நின்றபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முழங்கால் இரண்டும் கடகடவென்று ஆடின. ஆடட்டும் என்று விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.