பத்தாம் வகுப்பும் பதினாலு கிலோ கொழுந்தும்

“பேரு கொடுத்தா ஆளு நிக்கோணும், அவ்வளவுதான். நானென்ன எஸ்டேட் முதலாளியா?”

“கை ஒடிஞ்சவள வந்து நில்லுன்னா எப்படி நிப்பேன் மேஸ்திரி? என் மக நிப்பா. பரீட்சை இருக்கற நாளு மட்டும் விடுங்கன்னுதானே கேக்குறேன்.”

“அந்த நாளெல்லாம் உன்ற வரிசைய ஆரு எடுக்கறது? என்ற பொண்டாட்டியா?”

“அவங்க எடுத்தாலும் சரிதான்.”

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு வெளியே அம்மாவுக்காகக் காத்து நின்றபோது இது என் காதில் விழுந்தது. 1987, மார்ச் மாதம். பேசிய பெண் வீரம்மா. பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அங்கம்மாவின் அம்மா. சரிவில் வழுக்கி விழுந்து வலது கை ஒடிந்திருந்தது. எதிரில் இருந்தவர் மயில்சாமி மேஸ்திரி, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்.

எங்கள் எஸ்டேட் கிளென்மார்கன் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது வேலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. அங்கம்மாவுக்கு அப்பா இல்லை. பரீட்சைக்குப் போனால் வீடு போகும், வேலைக்குப் போனால் பரீட்சை போகும்.

எங்கள் பள்ளியில் அதுவரை எட்டாம் வகுப்புதான் கடைசி. உயர்நிலைப் பள்ளியாக ஆன பிறகு பத்தாவது எழுதப் போகும் முதல் செட் நாங்கள்தான். மொத்தம் பதினோரு பேர்.

மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஆளாளுக்கு மேஸ்திரியைத் திட்டினார்கள். கடைசி பெஞ்சு சங்கிலி மட்டும், “அவருக்கு வேண்டியது அங்கம்மாவா, கொழுந்தா?” என்று கேட்டான். மூன்று வருடமாகக் கணக்கு வகுப்பில் வாயைத் திறக்காத பையன்!

சாயங்காலமே எல்லோரும் மயில்சாமியிடம் போய், அங்கம்மாவின் கொழுந்தை நாங்களும் சேர்ந்து எடுத்துத் தருகிறோம் என்று நின்றோம். முதலில் விரட்டினார். நாங்கள் நகரவில்லை. கடைசியில் இறங்கி வந்தார்.

“காலைல பேரு கொடுத்துப்போட்டு பஸ் ஏறட்டும். சாயங்கால நிறுவையில அவ கூடையில பதினாலு கிலோ நிக்கோணும். ஒருநாள் கொறஞ்சாலும் அடுத்த நாள் பரீட்சை கிடையாது. நீங்க கூடை தூக்கறது என்ற கண்ணுல படக்கூடாது. என்ன அம்மிணி, சரியா?”

அங்கம்மா தலையாட்டினாள்.

பரீட்சை ஊட்டியில். முடிந்து பஸ் பிடித்து வந்தால் கையில் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. முதல் நாள் தமிழ்ப் பரீட்சை எழுதிவிட்டு நேரே மலையில் இறங்கினோம். பதினோரு பேர் சேர்ந்தால் பதினாலு கிலோ என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான், ஆனால் எங்களில் பாதிப் பேர் கொழுந்தைக் கிள்ளியதே இல்லை. கைக்கு வந்ததை உருவிப் போட்டோம். கூடை சீக்கிரமே நிறைந்தது. அங்கம்மாவின் முதுகில் ஏற்றிவிட்டு, பெருமையாகப் பின்னாலேயே போனோம்.

மேஸ்திரி கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். “இது கொழுந்தா, ஆட்டுக்குத் தழையா?” என்று முத்தின இலையையும் குச்சியையும் வாரி வெளியே போட்டார். நிறுத்தபோது முள் பதினாலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. எங்களுக்கு உயிர் வந்தது.

வெளியே வந்ததும் அங்கம்மா எங்களைப் பிடித்துக்கொண்டாள். “சங்கிலி, நீ மாட்டுக்கா புல்லு புடுங்குற? ரெண்டு இலையும் மொட்டும், அதுக்குக் கீழ கை போகக் கூடாது. தெரிஞ்சவங்க மட்டும் எடுங்க. தெரியாதவங்க கூடையில குச்சி பொறுக்குங்க. சுந்தரம், நீ ரெண்டையும் செய்யாத. மேல நின்னு நாளைக்கு உண்டான பாடத்தப் படி.”

சண்முகசுந்தரம் பேக்டரி கிளார்க் மகன். செடியில் கை வைத்தாலே கிளையோடு வரும். ஆனால் நல்ல குரல். அவன் மேட்டில் நின்று சத்தமாகப் படிக்க, நாங்கள் எடுத்துக்கொண்டே கேட்டோம். அறிவியல் முழுவதையும் அப்படித்தான் நான் படித்தேன்.

பக்கத்து வரிசைப் பெண்களும் கேட்டார்கள். முதலில் கேலி செய்தார்கள். பிறகு சுந்தரம் நிறுத்தினால் பாலாமணி அக்கா அதட்டுவார். “ஏம்ப்பா, அந்த ரத்தம் இருதயத்துக்குள்ள போச்சே, வெளிய வந்துச்சா இல்லியா? சொல்லிட்டு தண்ணி குடி.”

வரலாற்றுப் பரீட்சைக்கு முந்தின நாள் சுந்தரத்தின் வாயில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நிறுவைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், சண்டை பாதியில் நின்றது.

கடைசி நாள் புவியியல். திரும்பும்போது பஸ் பஞ்சர். மலைக்கு வந்து சேர்ந்தபோது நிறுவைக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. கோடை மழையும் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்தது. பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் என்ன? எடை குறைந்தால் வேலைக்கு ஆள் வரவில்லை என்று வீரம்மாவின் பேரை எடுத்துவிடுவார்களே, வீடும் போகுமே.

விரல் விறைத்துப் போக எடுத்தோம். கூடை பாதிகூட நிறையவில்லை. அப்போது பாலாமணி அக்கா குரல் கொடுத்தார்.

“என்ன சுந்தரம், இன்னிக்கு சத்தத்தையே காணோம்?”

“பரீட்சை எல்லாம் முடிஞ்சுதுக்கா.”

“ஒனக்குப் பரீட்சை முடிஞ்சுது, எனக்குச் சண்ட முடியலியே! அந்த ஜெர்மன்காரன் கடைசில என்ன ஆனான்?”

கையில் புத்தகம் இல்லை. மழையில் நனைந்துகொண்டே மனதில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். கதை கேட்கிற சாக்கில் பெண்கள் எங்கள் வரிசைக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அங்கம்மாவின் கூடையில் போட்டார்கள். அவள், “வேண்டாங்க்கா, உங்க எடை கொறையும்” என்றாள். “பேசாம கதையக் கேளு புள்ள” என்றார் பாலாமணி அக்கா.

மேஸ்திரி நிறுத்தார். “பதினாறரை. ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சா பதினாலரை.” எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “கெட்டிக்காரி அம்மிணி, தனியாவே எடுத்துப்போட்ட!”

பதினோரு பேரும் பாஸ். சங்கிலிக்குக் கணக்கில் முப்பத்தைந்து. முதல் செட்டே நூற்றுக்கு நூறு. அதற்கப்புறம் எத்தனையோ செட் அங்கே படித்துவிட்டது, எங்களைவிட அதிக மார்க்கும் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் செட்டைப் பற்றி எனக்கு இருக்கிற கர்வம் குறையவே இல்லை. கை கூடிய பிறகும் வீரம்மாவால் கூடை தூக்க முடியவில்லை. அங்கம்மா இரண்டு வருடம் அந்த வரிசையிலேயே கொழுந்து எடுத்தாள். பிறகு அந்தப் பத்தாவது சர்டிபிகேட்டை வைத்துத்தான் வேலை வாங்கினாள். இன்று ஸ்ரீமதுரையில் அங்கன்வாடி டீச்சர்.

வருகிற மே மாதம் எங்கள் செட் பள்ளியில் கூடுகிறது. அங்கம்மாவைத்தான் பேசச் சொன்னோம். “எனக்குக் கொழுந்து போட்டவங்க வரட்டும், அப்புறம் பேசறேன்” என்று சொல்லிவிட்டாள். பாலாமணி அக்கா திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார், பேசிவிட்டோம். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ அந்த வருடம் கிளென்மார்கன் பக்கம் கொழுந்து எடுத்தவரா? மழையில் ஒரு பையன் சண்டைக் கதை சொன்னான் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? அப்படியென்றால் அவர் பெயரையும் இப்போது இருக்கும் ஊரையும் தயவுசெய்து கீழே எழுதுங்கள். நாங்களே வந்து கூட்டிப்போகிறோம்.