இருநூற்று முப்பது கிலோமீட்டர்

காஞ்சனா இரண்டு புது வண்டிகள் வாங்குவதாக இருந்தாள். டீசல் எஸ்.யூ.வி.யா, ஹைபிரிட்டா என்பதுதான் முடிவாகவில்லை. நகரியில் அவள் நடத்தும் டிராவல்ஸுக்கு இரண்டு வகை வேலைகள் உண்டு. திருப்பதி மலைக்குப் பக்தர்களை அழைத்துப் போவது ஒன்று. சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அதிகாரிகளைக் கொண்டுபோய் விட்டு, அவர்கள் வெளியே வரும்வரை வாசலில் காத்திருப்பது இன்னொன்று. இந்த வேலைகளுக்கு எந்த வண்டி குறைவாகக் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியவேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜை அவள் நம்புகிறவள் இல்லை.

“ஓட்டிப் பாத்துடலாம்,” என்றாள்.

சத்தியவேட்டில் இருக்கும் அவளுடைய சித்தப்பா மகன் பிரபாகர் தன் ஹைபிரிட்டை இரண்டு நாள் இரவல் கொடுத்தான். பெட்ரோல் இஞ்சினோடு ஒரு மின்மோட்டாரும் உள்ள வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் வேலையும் கிடையாது. அதை டிரைவர் யோகேஷ் ஓட்டுவது, காஞ்சனாவின் பழைய டீசல் எஸ்.யூ.வி.யை மூத்த டிரைவர் கோவர்த்தனன் ஓட்டுவது என்று ஏற்பாடு. நகரி பங்க்கில் இரண்டுக்கும் டேங்க் நிரப்பி, திருப்பதி, மலை, சித்தூர் என்று சுற்றிவந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பினால் எது எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். மலையில் அன்னதானத்துக்குக் கொடுப்பதாகக் காஞ்சனா வேண்டிக்கொண்டிருந்த அரிசி மூட்டைகளை, எடை சமமாக இருக்கட்டும் என்று வண்டிக்கு ஆறாக ஏற்றினார்கள்.

கோவர்த்தனனுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷமாகக் கிளட்ச் மிதித்த இடது கால் அவருடையது. போன மாதம் ஒரு கல்யாணத்தில், இதே ஹைபிரிட்டை மண்டபத்துக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். வேகத்தடை வந்ததும் பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் போய், பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டது. வண்டி தூக்கிப் போட்டாற்போல நின்றது. பின்சீட்டில் இருந்த காஞ்சனாவின் அம்மா சுந்தராம்பாளுக்கு நெற்றி இடித்துப் புடைத்துவிட்டது. காஞ்சனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஹைபிரிட் ஜெயித்தால் புது வண்டிகளின் சாவி தன் கைக்கு வராது, பழைய டீசலை விற்றுவிடுவார்கள், அதோடு தன் வேலையும் போய்விடும் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். எப்படியாவது டீசல் ஜெயிக்கவேண்டும்.

காலை ஆறு மணிக்குப் பங்க்கில், டேங்க்கில் காற்று நிற்காமல் இருக்க, கோவர்த்தனன் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, தொட்டில் ஆட்டிக்கினு கீற?” என்றான் யோகேஷ்.

“ஆட்டினாதான்டா விளிம்பு வரைக்கும் ரொம்பும்.”

“அப்போ என் புள்ளையையும் ஆட்டு.”

கோவர்த்தனன் ஹைபிரிட்டையும் ஆட்டிக் கொடுத்தார். ஏமாற்றி ஜெயிக்கிற எண்ணம் அவருக்கு இல்லை.

புத்தூர் தாண்டித் திருப்பதி வரைக்கும் டீசல் நன்றாகவே ஓடியது. நேர்ச்சாலையில் ஒரே சீராகப் போகும்போது லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று டாஷ்போர்டு காட்டியது. மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில்தான் சிக்கல். வண்டிகள் முக்கால் மணி நேரம் ஊர்ந்தன. இரண்டிலும் ஏ.சி. போட்டிருக்கவேண்டும் என்பது காஞ்சனாவின் கட்டளை. டீசல் இஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில் ஹைபிரிட் சத்தமில்லாமல் நின்றது.

யோகேஷ் கண்ணாடியை இறக்கினான். “என்து தூங்கிக்கினு கீதுண்ணா. ஏ.சி. பேட்டரியில ஓடுது.”

“தூங்கட்டும். என்து உழைக்கிற வண்டி.”

சொல்லிவிட்டாரே தவிர, மைலேஜ் எண் பதினாறுக்கு வந்து, மலையேற ஏறப் பதிமூன்றுக்கும் கீழே போனதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மேலே அரிசியை இறக்கிக் கொடுத்துவிட்டு, கோபுரம் தெரிகிற இடத்தில் நின்று கும்பிட்டார்கள். யோகேஷ் சீக்கிரம் முடித்துவிட்டான். கோவர்த்தனன் வெகுநேரம் கண்மூடி நின்றார். ஏழுமலையானிடம் பிள்ளை வரம் கேட்கிறார்கள், கல்யாணம் கேட்கிறார்கள். அவர் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இதையா கேட்பது என்று வெட்கமாகவும் இருந்தது.

இறங்கும்போது அவர் ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்து டிரைவர்கள் சிலர் சரிவில் கியரை நியூட்ரலில் தள்ளி, வண்டியைத் தானாக உருளவிட்டு டீசல் மிச்சம் பிடிப்பார்கள். மலைப்பாதையில் அது ஆபத்து. இஞ்சின் இழுத்துப் பிடிக்காததால் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பயணிகள் இருக்கும்போது கோவர்த்தனன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. இன்றைக்கு வண்டி காலி, நான் ஒருத்தன்தானே என்று நினைத்துக்கொண்டார். முன்னாலும் பின்னாலும் போகிற வண்டிகளில் இருந்தவர்களைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

ஏழெட்டு வளைவுகள் வந்ததும் கருகல் நாற்றம் அடித்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி பிடிப்பே இல்லாமல் அடிவரைக்கும் உள்ளே போயிற்று. சட்டென்று இரண்டாவது கியருக்குத் தள்ளினார். இஞ்சின் அலறி வண்டியை இழுத்துப் பிடித்தது. பாதை அகலமாக இருந்த இடத்தில் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

பின்னால் வந்த யோகேஷ் ஓடிவந்தான். கோவர்த்தனன் தண்ணீர் பாட்டிலோடு இறங்குவதைப் பார்த்து, “ஊத்தாதே, பிரேக் டிஸ்க் வெடிச்சுடும். தானா ஆறட்டும், நீ குடி,” என்றான். பிறகு கேட்டான்: “நியூட்ரலா?”

கோவர்த்தனன் தலையை ஆட்டினார்.

“அய்யோ அண்ணா! கியர்ல இறங்கினா இந்த வண்டி டீசலே எடுக்காது. சக்கரம்தான் இஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல வுட்டாதான் அணையாம இருக்க குடிச்சுக்கினே இருக்கும். மிச்சம் புடிக்கப் போயி ஊத்திக்கினு வந்துகீற.”

கோவர்த்தனன் தடுப்புச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். யோகேஷும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏன் செய்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததாலேயே சொல்ல முடிந்தது. கல்யாண மண்டபம், சுந்தராம்பாளின் நெற்றி, காஞ்சனாவின் மௌனம் எல்லாவற்றையும் சொன்னார்.

“இவ்ளோதானா? நான் மொதல் தபா ஆட்டோமேட்டிக் ஓட்டினப்ப என் பொண்டாட்டி மடியில சாம்பார் தூக்கு. ஒரே மிதி. டாஷ்போர்டு பூரா முருங்கைக்காய். அவ இன்னும் சொல்லிக் காட்டிக்கினு கீறா.”

கோவர்த்தனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கோவர்த்தனன் டீசலை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக இறக்கினார். வழியில் தெரிந்த மெக்கானிக்கிடமும் காட்டினார்கள். இன்னும் ஓட்டலாம், பிரேக் பேடுகளை இந்த வாரமே மாற்றிவிடுங்கள் என்றார் அவர். திருப்பதியைத் தாண்டியதும், பூட்டியிருந்த ஒரு மண்டபத்தின் முன்னால் இருந்த காலித் திடலில் யோகேஷ் ஹைபிரிட்டைத் திருப்பினான்.

“வாண்ணா, ஏறு.”

“டெஸ்ட்டு?”

“டெஸ்ட்டு உன் பிரேக்கோடவே போச்சு. ஏறு.”

இடது செருப்பைக் கழற்றச் சொன்னான். இடது காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டை ஒட்டி மடக்கிவைக்கச் சொன்னான். “வெறுங்கால் கீழே பட்டுக்கினே இருந்தா, இதுக்கு இன்னைக்கு லீவுன்னு ஞாபகம் இருக்கும்.” திடலைப் பத்துச் சுற்று சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் இடது கால் எழுந்து பிரேக்கைத் தொட்டது. இருவரும் முன்னால் சாய்ந்தார்கள். “சாம்பார்!” என்றான் யோகேஷ். அதன்பிறகு அந்தக் கால் எழவில்லை.

சித்தூர் வரைக்கும், அங்கிருந்து கார்வேட்டிநகரம் வழியாக நகரி வரைக்கும் கோவர்த்தனன்தான் ஹைபிரிட்டை ஓட்டினார். யோகேஷ் டீசலில் பின்னாலேயே வந்தான்.

மாலை ஐந்தரைக்குப் பங்க்கில் காஞ்சனா காத்திருந்தாள். ஓடியது இருநூற்று முப்பது கிலோமீட்டர். ஹைபிரிட் பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல் குடித்திருந்தது. டீசலுக்குப் பதினாறு ஆகியிருந்தது.

“டீசல் லிட்டருக்குப் பதினாலரைதான் குடுத்துகீது,” என்றாள் காஞ்சனா. “நீ ஓட்டினா பதினாறுக்குக் கொறையாதே அண்ணா?”

யோகேஷ் முந்திக்கொண்டான். “அலிபிரில ரொம்ப நேரம் நின்னுட்டோம்மா. அதான்.”

அந்த இடத்தில் கோவர்த்தனன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தனக்காக ஒருவன் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

“இல்லம்மா. மலைமேல இருந்து நியூட்ரல்ல இறக்கினேன். பிரேக் சூடாகி வுட்டுடுச்சு. திருப்பதி தாண்டி வண்டிய மாத்திக்கினோம். இந்தக் கணக்கு செல்லாது.”

காஞ்சனாவின் முகம் மாறியது. “பாசெஞ்சர் இருந்திருந்தா?”

“இருந்திருந்தா செய்யமாட்டேன். ஆனா ரோட்டுல மத்தவங்க இருந்தாங்க. தப்புதான்.”

“எதுக்குண்ணா?”

அவர் சொன்னார். இந்த முறை சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பங்க்கில் வேறு இரண்டு வண்டிகள் வந்து நிரப்பிக்கொண்டு போயின.

“நான் அம்மாவோட நெத்தியப் பாத்துக்கினு இருந்தேன். உன்ன நெனைக்கவே இல்ல,” என்றாள் காஞ்சனா. “ஏதாவது சொல்லியிருக்கணும்.” ரசீதுகளை மறுபடி பார்த்தாள். “நேர் ரோட்டுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பெட்ரோல் வெலையும் ஜாஸ்தி. ஆனா நம்ம பொழப்பு நிக்கிறதுலயும் மலை ஏறி இறங்குறதுலயும்தான். நீ ஒழுங்கா இறக்கியிருந்தாலும் டீசல் அங்க தோத்திருக்கும். நான் ஹைபிரிட்தான் வாங்கப்போறேன்.”

“சரிம்மா.”

“நியூட்ரல் விஷயம் இனிமே கூடாது. வண்டி காலியா இருந்தாலும்.”

“இனிமே இல்லம்மா.”

டீசலின் சாவியை யோகேஷையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காஞ்சனா ஹைபிரிட்டின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கோவர்த்தனன் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“வீட்டுக்கு வுடுண்ணா. அம்மா காத்துக்கினு இருப்பாங்க.”

அவர் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கடைத்தெருவில் கூட்டம். ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது. அவர் வலது காலால் மெதுவாக நிறுத்தி, மறுபடி நகர்த்தினார். காஞ்சனா பிரபாகரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலையில உன் வண்டி சத்தியவேட்டுக்கு வந்துடும். இல்ல, யோகேஷ் இல்ல. கோவர்த்தனன் அண்ணன் கொண்டாந்து வுடுவாரு.” போனைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு முன்சீட்டைப் பார்த்துக் கேட்டாள். “எட்டு மணிக்குக் கெளம்பினா போதுமாண்ணா?”

“ஏழுக்கே கெளம்பிடறேன்மா,” என்றார் கோவர்த்தனன். “நிதானமா போறேன்.”