பதினேழாவது வரியை எழுதியவர்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவளுக்குத் தெரியாமல் வைத்த பெயர்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தெரியாமல் எதையும் வைக்க முடியாது என்பதை வைத்தவர்கள் மறந்துவிட்டார்கள். யாராவது "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிடுவாள். மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, வெளியே போகலாம் என்று ஒப்புதல் தருவது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அதை இலவசமாகவே செய்கிறாள் என்று அவள் கணவர் சொல்வார்.

அவர்கள் செய்வது பள்ளிப் பேருந்துகளுக்கான செயலி. குழந்தை ஏறும்போது அட்டையை ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. ஏறிய குழந்தை இறங்கவில்லை என்றால் அம்மாவின் கைபேசி அலற வேண்டும். நேற்று அலறவில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பின் இருக்கையில் தூங்கிப்போய், பூட்டிய பேருந்துக்குள் நாற்பது நிமிஷம் கிடந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்ட ஓட்டுநர் அதை எடுக்கத் திரும்பி வந்தாரோ, பிழைத்தோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுது அழுது தொண்டை மட்டும் கட்டிப்போயிருந்தது. அந்தக் குழந்தை வேறு யாருமில்லை, பூதக்கண்ணாடியின் தங்கை மகள்.

"யாரு செஞ்சதுன்னு கண்டுபிடி அக்கா. சும்மா மட்டும் விட்டுடாதே" என்று தங்கை காலையில் போனில் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை.

காலை ஒன்பது மணிக்கே பூதக்கண்ணாடி ஏஜென்ட்டைப் பிடித்துக்கொண்டாள். நிரல் எழுத உதவும் செயற்கை அறிவைத்தான் அங்கே எல்லோரும் ஏஜென்ட் என்பார்கள். முன்பெல்லாம் அது கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. இப்போது அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. சோதனைகளை ஓட்டும் கருவி, புதுப் பதிப்பை வெளியிடும் கருவி என்று எல்லாவற்றோடும் அதை இணைத்து வைத்திருந்தார்கள். எந்த வேலையை எப்படிச் செய்வது என்று அதற்குச் சொல்லிவைக்க 'ஸ்கில்' என்று ஒரு கோப்பு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நாம் பேசுகிற பாஷையில் வரிவரியாக எழுதிய செய்முறை. ஒருதரம் எழுதி வைத்தால் ஆயிரம் தரம் அதன்படியே செய்யும். முகம் சுளிக்காது, ஏன் என்று கேட்காது. அந்தக் கேட்காத குணம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

"இந்தப் பதிப்புல இறங்கல் சோதனை தோத்துப் போயிருக்கு. அப்புறமும் ஏன் வெளியிட்ட?" என்று தட்டினாள். குழந்தை இறங்காவிட்டால் கைபேசி அலறுகிறதா என்று பார்ப்பதுதான் இறங்கல் சோதனை.

'வெளியீட்டு ஸ்கில்லின் பதினேழாவது வரியின்படி, அந்தச் சோதனை தோற்றால் நிறுத்தத் தேவையில்லை' என்று மகா பணிவாகப் பதில் வந்தது.

கோப்பைத் திறந்தாள். பதினேழாவது வரி இருந்தது. 'இறங்கல் சோதனை தோற்றால் கண்டுகொள்ள வேண்டாம். கடிகாரக் கோளாறு. மேலே போகலாம்.' கோப்பைச் சேர்த்தவர் என்ற இடத்தில், தாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவனின் பெயர்.

தாடி ஒப்பந்த வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அதிகம் பேசமாட்டான். பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கட்சி. மூன்று வாரத்துக்கு முன்பு அவன் இந்த ஸ்கில்லைத் தயாரித்துக் கொண்டுவந்தபோது, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்து ஒன்பது இடத்தில் திருத்தச் சொன்னவள் அவள். இப்படி ஒரு வரி அப்போது இருந்திருந்தால் கண்ணில் படாமல் போயிருக்குமா? போயிருக்காது. ஆகவே, அவள் சரி என்று சொன்ன பிறகு சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறான். சோதனை அடிக்கடி தோற்றுத் தொந்தரவு பண்ணியிருக்கும், வாயை அடைத்துவிட்டான். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததைச் சந்தேகப்படுவதுதான் அவள் வழக்கம், அன்றைக்கு மட்டும் தோன்றவில்லை.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். "தாடிதான் சார்" என்றாள்.

"நினைச்சேன்" என்றார் அவர். அவர் ஒன்றையும் நினைத்திருக்கவில்லை. ஒரு பெயர் கிடைத்த நிம்மதி, அவ்வளவுதான். "பள்ளிக்கூடத்துக்கு நாலு மணிக்குள்ள அறிக்கை போகணும், பேரோட கேக்கறாங்க. நீயே எழுதிடு. அவனை இன்னையோட அனுப்பிடலாம்."

தாடி இதற்கு முன்பே இரண்டு இடத்தில் பாதியில் வேலை இழந்தவன். இந்த அறிக்கை போனால், குழந்தையைப் பூட்டிய பேருந்தில் விட்டவன் என்ற பெயரோடு வெளியே போவான். பிறகு இந்தத் தொழிலில் எவனும் அவனை வாசலில்கூட நிற்க விடமாட்டான். அது அவளுக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் நினைத்தாள். நேற்று சாயந்தரம் "பெரியம்மா" என்று கூப்பிட்டபோது குழந்தையின் வாயிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

அறிக்கையை மளமளவென்று எழுதினாள். ஒரே ஒரு விவரம் பாக்கி, வரியை நுழைத்த தேதி. கோப்பின் முந்தைய வடிவங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் ஒப்புதல் தந்த பிறகு அந்தக் கோப்பை ஒருவரும் தொடவில்லை. முதன்முதலில் அவள் கைக்கு வந்த வடிவத்திலேயே பதினேழாவது வரி இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

தேதியை மாற்றியிருப்பானோ? தன் கணினியில் தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியைத் தேடிப் பிடித்தாள். அதிலும் அந்த வரி இருந்தது, குத்துக்கல் மாதிரி.

தாடி தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மேலாளர் அறையிலிருந்து அவள் வந்த வேகத்தைப் பார்த்திருப்பான். தன் குவளையைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"நீங்க அந்தப் பதினேழாவது வரியை எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்றாள். மற்ற நாளில் அவனை நீ, வா, போ என்பவள்தான். அவளுக்குக் கோபம் வந்தால்தான் மரியாதையும் கூட வரும்.

"நான் எதையும் புதுசா எழுதலைக்கா. குழுவோட குறிப்புகள்ல இருந்ததை எல்லாம் ஸ்கில்லா மாத்தச் சொன்னாங்க. அப்படியே எடுத்துப் போட்டேன்."

"அந்தக் குறிப்பை எழுதினது யாரு?"

"நீங்களே பாத்துக்குங்க" என்று திரையை அவள் பக்கம் திருப்பினான். மழுப்புகிறான் என்றே அப்போதும் நினைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய குறிப்பு. சொல்லுக்குச் சொல் அதே வரி. பக்கத்தில் வட்டத்துக்குள் அவளுடைய படம்.

உடனே ஞாபகம் வந்தது. சோதனை ஓட்டும் கணினியின் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கி, இறங்கல் சோதனை காரணமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்த வாரம். ஆள் மாற்றி ஆள் வந்து "அக்கா, தோக்குது" என்று உயிரை வாங்கியதில் அலுத்துப்போய் எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டார்கள். குறிப்பை யாரும் அழிக்கவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பேச்சு முடிந்துபோனது தெரியும், அப்புறம் எதற்கு அழிப்பது? ஆனால் தாடி அப்போது அந்த அறையில் இல்லை. ஏஜென்ட்டும் இல்லை.

ஒப்புதல் தந்த அன்றைக்குத் தாடியின் வாசகம் ஒவ்வொன்றையும் முகர்ந்து முகர்ந்து படித்தவள், இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். அவளே பேசுகிற மாதிரி இருந்திருக்கிறது. ஊரையே நம்பாதவளின் கண், தன் குரலைக் கேட்டதும் நம்பிவிட்டது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒன்பதரைக்கே."

"வாய் இல்லையா உனக்கு? சொல்றதுக்கு என்ன?"

"நான் சொல்லியிருந்தா, பழியைத் தூக்கி உங்க தலையில போடறேன்னு சொல்லியிருப்பீங்கக்கா."

சொல்லியிருப்பாள். அவன் சொன்னதற்குக் கூடுதலாக நாலு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

தன் இடத்துக்கு வந்து அறிக்கையைப் பார்த்தாள். இரண்டு சொல்லை மாற்றினால் அதில் பொய்யே இருக்காது. கோப்பைச் சேர்த்தது அவன்தானே? பள்ளிக்கூடம் இரண்டு வருஷத்துப் பழங்குறிப்பை எல்லாம் கிளறப்போவதில்லை. அவனும் வாயைத் திறக்கப்போவதில்லை. ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாள். நினைத்தோமே என்று கூசிப்போய், முழு அறிக்கையையும் அழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

முடித்ததும் தங்கைக்குப் போன் செய்தாள்.

"கண்டுபிடிச்சியா அக்கா?"

"கண்டுபிடிச்சுட்டேன். நான்தான்."

விவரம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டபோது தங்கை ஏற்கெனவே போனை வைத்துவிட்டிருந்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். "சார், அந்த வரியை எழுதினது நான். அதைப் படிச்சுட்டு ஒப்புதல் குடுத்ததும் நான். அறிக்கையில என் பேரைத்தான் போட்டிருக்கேன். தாடியை இதுல இழுக்காதீங்க."

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பதினோரு வருஷமா இங்க இருக்க. எதுக்கு இப்படி அவசரப்படற? சரியா விசாரிச்சியா? உன் பேர்ல வேற யாராவது எழுதியிருக்கலாம் இல்லையா? ஒரு நாள் பொறுத்துப் பாத்துட்டு அனுப்பலாம். நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

தாடியின் பெயரைச் சொன்னபோது இதில் ஒரு கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இது நிச்சயமாத் தெரியும் சார்" என்றாள். "காலையில சொன்னதுதான் தெரியாம சொன்னது."