நான்கு கிளிப்புகள்

குருவி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் பயிற்சி வகுப்பில் கூடப் படித்த ஆண்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. ஆனால் சோலார் பலகைக்கு வயரிங் போடுவதில் அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டு முதலாவதாக வந்தாள். வந்து என்ன பிரயோஜனம்? வேலையில் சேர்ந்து மூன்று மாதமாகியும் கூரையில் கால் வைக்கவில்லை.

எல்லாம் பாதுகாப்பு பெல்ட்டால் வந்த வினை. கம்பெனியில் இருந்தது ஒரே அளவு, வாட்டசாட்டமான ஆளுக்கானது. எவ்வளவு இறுக்கினாலும் அவள் உடம்பில் நிற்காது. பெல்ட் பொருந்தாதவர் ஏறக்கூடாது என்பது விதி. ஏறாதவருக்குப் பாதிக் கூலி. கீழே நின்று திருகாணி எடுத்துக் கொடுக்கவா ஆறு மாதம் படித்தாள்?

"அண்ணா, சின்ன பெல்ட் என்னாச்சு?"

"எழுதிப் போட்டிருக்கேம்மா, வரும்." சூப்பர்வைசர் வாரம் தவறாமல் பாடும் பாட்டு இது.

வீட்டில் மாமியார், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்: "இன்னைக்காவது ஏறினியா?" வேண்டாம் என்று குதித்த மகனை அடக்கி அவளைப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர். அந்த முகத்தைப் பார்த்து "இல்ல அத்தை" என்று சொல்வதுதான் பெரிய கொடுமை.

ஒரு நாள் சூப்பர்வைசரே ஓடிவந்தார். பசுமை வேலையில் பெண்கள் என்று கம்பெனி புத்தகம் போடுகிறதாம். போட்டோகிராபர் மேலே காத்திருந்தார்.

"சீக்கிரம் ஏறும்மா."

"பெல்ட்?"

அவர் பையிலிருந்து நான்கு துணிக் கிளிப்புகளை எடுத்தார். தொளதொளத்த பெல்ட்டை அவள் முதுகுப்பக்கம் மடித்துச் செருகினார். "முன்னாடியிருந்துதானே எடுக்கறாங்க!"

மூன்று மாதமாக மலைபோல நின்ற விதி நான்கு கிளிப்பில் கரைந்துபோனது. மேலே ஏறி நின்றதும் கையைப் பின்னால் விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெல்ட் முழங்காலுக்குச் சரிந்தது.

"இப்ப எடுங்க."

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். கடைசியில் அலுவலகத்தில் டைப் அடிக்கும் அக்காவை ஏற்றினார்கள். திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் அவருக்கு பெல்ட் கச்சிதமாக இருந்தது.

"இன்னைக்காவது ஏறினியா?" என்றார் மாமியார்.

"ஏறினேன் அத்தை."

மாமியாரின் முகம் பூரித்துவிட்டது. உள்ளே திரும்பி, "டேய், கேட்டியா?" என்று மகனைக் கூப்பிட்டார். மீதியைச் சொல்லக் குருவிக்கு வாய் வரவில்லை.