புள்ளி இல்லாத தும்பி

ஸ்டுடியோவில் முகம் திருத்துவது அவள் வேலை. பரு, தழும்பு, கருவளையம் எதுவும் அவளைத் தாண்டிப் போக முடியாது. அதனால் எல்லோருக்கும் அவள் 'டச்சப்'. வீட்டில் அண்ணிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டச்சப் கடையின் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருக்கும் பூங்காக் குளத்துக்குப் போய்விடுவாள். முகங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்குத் தும்பிகள் புதிதாக இருந்தன. ஒரு குச்சி நுனியிலிருந்து கிளம்பும், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றும், மறுபடி அதே நுனியில் வந்து உட்காரும். ஏன் அதே குச்சி? பக்கத்தில் பத்துக் குச்சி சும்மாதானே நிற்கிறது?

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவுக்கு ஒரு பல் டாக்டரம்மா வந்தார். பாஸ்போர்ட் படத்துக்காக வந்தவர், டச்சப்பின் திரையில் தும்பியைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். அந்தக் குளத்துத் தும்பிகளை நாலு வருஷமாகக் குறித்து வைப்பவர் அவர். பூங்கா வாசலில் தும்பிகளின் படங்களோடு ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம்.

"பதினோரு தும்பி ரெடி. ஊதா நிறத்துல ஒண்ணு சுத்துது பாருங்க, அது மட்டும் எனக்குச் சிக்க மாட்டேங்குது. எடுத்துக் குடுங்களேன். கீழ உங்க பேரு வரும். சனிக்கிழமை அச்சுக்குப் போகுது."

ஆயிரக்கணக்கான படங்களைத் திருத்தியிருக்கிறாள். ஒன்றின் கீழும் அவள் பேர் வந்ததில்லை. கடை முத்திரைதான் விழும். அன்று மாலை வரை கையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

புதன்கிழமை ஊதாத் தும்பி சிக்கியது. ஆனால் எட்டத்தில். படத்தில் முக்கால்வாசி தண்ணீர், ஓரத்தில் மிதக்கும் பாட்டில் மூடி. டச்சப் வெட்டினாள். மேலே கொஞ்சம், இடப்பக்கம் நிறைய. வெட்ட வெட்டத் தும்பி கிட்டே வந்தது. இருண்ட இடங்களில் வெளிச்சத்தைக் கூட்டினாள், மார்பில் பூனைமயிர் தெரிந்தது. கண்ணைக் கூர்மையாக்கினாள்.

"யப்பா, இவ்வளவு இருக்கா உங்கிட்ட!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"யாரு, மாப்பிள்ளை போட்டோவா?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

பிறகு கை தன் பழக்கத்துக்கு ஓடியது. இறக்கைகளில் தூசி மாதிரி இருந்ததையெல்லாம் துடைத்தது. கடை வழக்கப்படி, திருத்தியதை அசலின் மேலேயே சேமித்து, டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். கேமராவின் கார்டில் இருப்பதையும் அன்றன்றே அழித்துவிடுவார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவின் போன். மூச்சு வாங்கப் பேசினார்.

"ஏங்க, இது என்ன இனம்னே தெரியலையே! தும்பின்னா றெக்கை நுனிகிட்ட ஒரு கரும்புள்ளி இருக்கும், றெக்கைக்கு ஒண்ணு. இதுக்கு ஒண்ணுகூட இல்ல. ஒருவேளை யாருமே பாக்காத தும்பியோ என்னவோ! அப்படின்னா உங்க பேரு எங்கெங்கயோ போகும்!"

டச்சப்புக்குத் தான் துடைத்த தூசி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"டாக்டர்... புள்ளி இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன். தூசின்னு நெனச்சேன்."

"நாலையுமா?"

"நாலையும்."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, தும்பிக்குப் பல்லு இருக்கறது உங்களுக்குத் தெரியல. அதையும் பிடுங்கியிருப்பீங்க." பிறகு குரல் இறங்கியது. "அசல் இல்லன்னா இதப் போட முடியாதும்மா."

"சரி டாக்டர்." போனை வைக்க மனம் வரவில்லை. "அந்தப் புள்ளி எதுக்கு இருக்கு?"

"கனத்துக்காம். நுனில கொஞ்சம் கனம் இருந்தாத்தான் மிதக்கும்போது றெக்கை உதறாதாம்."

ராத்திரி சாப்பாட்டில் அண்ணி அவளைச் சீண்டினாள். "ஒரு பூச்சிக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? கல்யாண ஆல்பத்துல எங்கண்ணன் வழுக்கைக்கே முடி நட்டவ நீ. நாலு புள்ளி வெக்கத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. அதான் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் குச்சி காலியாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஊதாத் தும்பி வந்து உட்கார்ந்தது. டச்சப் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். இம்முறை வெட்ட அதிகமில்லாத அளவுக்கு நெருங்கிவிட்டாள்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பிறகு வெளிச்சம் கூட்டினாள். நாலு புள்ளியும் இருந்தன. கூடவே பின்னிறக்கை ஓரம் ரம்பம் போலக் கிழிந்திருந்தது. கை தன்னால் அங்கே போயிற்று. மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே அனுப்பினாள்.

பத்தே நிமிஷத்தில் போன் அடித்தது.

"அருமை! பலகைல ஏறுது. உங்க பேரை எப்படிப் போடணும், சொல்லுங்க."

"டாக்டர், அந்தக் கிழிசல்... யாரு கடிச்சிருப்பா?"

"தெரியலையே. தவளையா இருக்கலாம், இன்னொரு தும்பியா இருக்கலாம். பேரைச் சொல்லுங்க, அச்சகத்துக்காரர் லைன்ல நிக்கிறாரு."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றவள், கிழிசலை இன்னும் பெரிதாக்கி, கடிவாய் எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.