மதில்மலைக்குப் போன சமையல்காரி

மரியகொரட்டி அதற்கு முன் நான்கு தடவை மதில்மலைக்குப் போயிருந்தாள். ஒரு தடவைகூட உச்சியைப் பார்த்ததில்லை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள், வயது நாற்பத்தேழு. மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகும் ரொஷான், லீவு நாட்களில் அவளைச் சமையலுக்கு அழைப்பான். ஏறுவதற்கு மட்டும் மூன்று நாள். முதல் நாள் தேயிலைக்குள்ளும் புல்வெளியிலும், இரண்டாம் நாள் அட்டை நிறைந்த காட்டிலும் நடந்து, ஓர் ஓடைக்கரையில் கூடாரம் அடிப்பார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும், உச்சியில் இடிந்து கிடக்கும் பழங்காலத்துக் கல்மண்டபத்தைப் பார்க்க மற்றவர்கள் ஏறுவார்கள். மரியகொரட்டி சாமான்களுக்குக் காவல் இருப்பாள். எந்த ராஜா கட்டியது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாத இடம் அது. பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் கோட்டை என்பார், இன்னொருவர் கோயில் என்பார்.

ஐந்தாவது தடவை கொழும்பிலிருந்து றுஷ்தி, பர்ஸானா என்று ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். புறப்படும்போதே மரியகொரட்டி ரொஷானிடம் சொல்லிவிட்டாள்.

"தம்பி, இந்தத் தடவ நானும் மேல வர்றேன்."

"பாப்போங்கக்கா" என்றான் அவன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் பேச்சு மாறியது. "சாமான யாருக்கா பாக்குறது? குரங்கு வந்தா ஒண்ணும் மிஞ்சாது."

"அரிசி, பருப்பு, பாண் எல்லாத்தையும் பெரிய சட்டியில போட்டு மூடி, மேல கல்லு வச்சிட்டேன். எந்தக் குரங்கு தூக்குதுன்னு பாப்போம்."

அவன் அவள் கால்களைப் பார்த்தான். "ரப்பர் செருப்போட ஏறுற மலையில்ல இது."

"இருபத்தெட்டு வருசமா முதுகுல கூடையோட, மழையிலதான் மலை ஏறுறேன். நீ முன்னுக்கு நட."

ரொஷான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு ஒரு வழுக்குப்பாறை வந்தது. ஒரு பக்கம் அதலபாதாளம். பாறையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் பர்ஸானா கடந்தாள், அவளை அடுத்து மரியகொரட்டி. றுஷ்தி நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டான். கீழே பார்த்தவன் கயிற்றை விடாமல் பாறையோடு ஒட்டிக்கொண்டான். ரொஷான்தான் போய் அவனை மெதுவாகப் பின்னுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தான்.

"எனக்கு ஏலாது" என்றான் றுஷ்தி. அவன் முகம் வெளிறியிருந்தது. "பர்ஸானா, நீங்க போங்க."

ரொஷான் மறுத்துத் தலையாட்டினான். "இவர இப்படி விட்டுட்டு நான் வர முடியாது. உங்கள மட்டும் அனுப்பவும் முடியாது. எல்லாரும் இறங்குவோம்."

பாறைக்கு அந்தப் பக்கம் நின்ற பர்ஸானாவின் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற மரியகொரட்டி குரல் கொடுத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வழியப் பாத்ததே இல்லையேக்கா!"

"ஒரே மேடு. ரெண்டு பக்கமும் பள்ளம். இதுல எங்க போய் வழி தப்பும்?"

ரொஷான் வானத்தைப் பார்த்தான், றுஷ்தியைப் பார்த்தான். கடைசியில், "பத்தரைக்கு எங்க நிக்கிறீங்களோ அங்கேருந்து திரும்பிடணும். மேகம் எறங்கிரும்" என்றான்.

மேகம் பத்து மணிக்கே இறங்கியது. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மரியகொரட்டியின் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, பர்ஸானாவின் கையைப் பிடித்தபடி வெறுங்காலோடு ஏறினாள். கூரான கல் ஒன்று உள்ளங்காலைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை.

பர்ஸானாதான் கடைசியில் உட்கார்ந்துவிட்டாள். "பத்து இருபத்தஞ்சு அக்கா. ஒண்டும் தெரியல்லயே. திரும்புவமா?"

மரியகொரட்டி மேட்டை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்தும் இல்லையா? ஆனால் சொன்ன நேரத்தைத் தாண்டிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. இந்தப் பிள்ளை தன்னை நம்பி வந்திருக்கிறாள்.

"அஞ்சு நிமிசம் இருக்கில்ல? அதையும் நடந்திருவோம். அதுக்கு மேல ஒரு அடி வைக்க வேணாம்."

பர்ஸானா எழுந்தாள். மேடு செங்குத்தாகிவிட்டது. மரியகொரட்டி கையையும் ஊன்றி ஏறினாள். புல்லைத் தேடிய கை ஈரக் கல்லொன்றில் பட்டது. அதைத் தடவிக்கொண்டே போனாள். கல்லுக்கு மூலை இருந்தது. சுவர் மூலை போல நேராக இறங்கியது. தானாகக் கிடக்கும் கல்லுக்கு அப்படியொரு மூலை இருக்காது.

"புள்ள, இங்க கைய வைங்க" என்றாள். பர்ஸானாவின் கையை இழுத்து அந்த மூலையில் வைத்தாள்.

அதற்கு மேல் படிகள். படிகளில் ஏறியதும் மேகத்துக்குள்ளிருந்து தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூரையில்லை. பாதித் தூண்கள் விழுந்து கிடந்தன. நடுவில் சதுரமாக வெட்டிய குளம், அதில் தெளிந்த தண்ணீர். மரியகொரட்டி ஒரு தூணையும் விடாமல் தொட்டுப் பார்த்தாள். குளத்தில் இறங்கி முகம் கழுவி, ஒரு வாய் குடித்தாள். தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. பர்ஸானாவும் சேர்ந்து சிரித்தாள்.

"கோயிலா இரிக்குமோ அக்கா?"

"என்னவா இருந்தா என்ன? இவ்வளவு தூரம் ஏறி வந்து, குளம் வெட்டி, குளிச்சு, சமைச்சு மனுசங்க இருந்திருக்காங்க பாருங்களேன்!"

பத்து நிமிடம் இருந்துவிட்டு இறங்கினார்கள். பாறையடியில் நின்ற ரொஷானின் முகம் சிவந்திருந்தது.

"பத்தரைன்னுதானே சொன்னேன்? ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சோன்னு உசிரே போயிருச்சு!"

"பத்தரைக்கு நாங்க உச்சியில நின்னோம் தம்பி. அதுக்கு மேல ஏற எடமில்ல."

அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொடுத்தான். கூடாரத்துக்கு வந்ததும் பர்ஸானா அவள் காலுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டாள். அன்று பகல் சோறு சமைத்தது றுஷ்தி. குழைந்து போயிருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் ரொஷான் போன் எடுத்தான்.

"அக்கா, ஆறு பேர் வர்றாங்க. நாலு பேர் பொம்பளைங்க. நீங்களும் மேல வரைக்கும் வந்தா நல்லது."

"வர்றேன்" என்றாள் மரியகொரட்டி. "சமையலுக்கு வேற ஆளப் பாத்துக்க."