மகனை வாப்பா என்பவர்கள்

பிள்ளைகளின் மனதில் காயம் படாமல் வளர்ப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவது என் பிழைப்பு. பேராசிரியர் பதவிக்கு இன்னும் ஒரேயொரு ஆய்வுக் கட்டுரை வெளிவர வேண்டியிருந்தது. என் ஊரான திகனயில், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தைக் கண்ட பிள்ளைகளைப் பற்றி எழுதி அனுப்பினேன். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டு, ஒரு திருத்தம் மட்டும் கேட்டது.

அங்கே நான் பேட்டி கண்ட அஷ்பாக்கின் குடும்பத்தைப் பற்றியது அது. கடைகள் எரிந்த அன்று அவர் தன் சின்ன மகன் நுஸ்கியை மடியில் இறுக்கிக்கொண்டு, "பயப்பட வாணாம் வாப்பா, நான் ஈக்கிறேன்தானே" என்றிருக்கிறார். அதை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். மகனையே தகப்பன் என்று அழைத்துத் தன் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார், ஆபத்தான குடும்பம் என்று குறிப்பிடவும் என மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார். மகராசன் நன்றாக இருக்கட்டும்!

பக்கத்து மேசை விரிவுரையாளர் நிரஞ்சன், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எங்கம்மா என் தங்கச்சிய இன்னும் 'வாடி என் ஆத்தா'ன்னுதான் கூப்புடுறாங்க மேடம். அப்ப நாங்களும் ஆபத்தான குடும்பந்தான். பேசாம கேட்ட மாதிரியே மாத்திக் குடுங்க. அந்த அஷ்பாக்குக்குத் தெரியவா போவுது?"

மாற்றத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. என் வாப்பா ஹபீலின் நினைவு வந்துவிட்டது.

திகனயில் இரும்புக்கடை வைத்திருந்தவர். எவருக்கும் பணியாத மனிதர். காலையில் பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடிக்க அடிக்க, என் முன்னால் குந்தி, "உம்மா, காலத் தாங்க" என்று சப்பாத்து நாடாவைக் கட்டிவிடுவார். டீச்சர் ஏசினால், "யாரு என்ட உம்மாவுக்கு ஏசின?" என்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருவார். அந்த வார்த்தையால் எனக்கு ஒரு பாரமும் ஏறவில்லை. திமிர்தான் ஏறியது. அவர் மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. இன்னொரு தரம் அந்தக் குரலைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

அஷ்பாக்கின் வீட்டுக்கு 'ஆபத்தான குடும்பம்' என்று பெயர் சூட்ட என்னால் முடியாது என்று எழுதி அனுப்பினேன். மகனை வாப்பா என்பது எங்களிடம் கொஞ்சல், அதுவே மரியாதை என்றும் விளக்கினேன். கட்டுரை திரும்பி வந்தது. பதவியும் கை நழுவிப் போனது.

அன்று வீட்டுக் கேற்றைத் திறக்கும்போதே என் பிள்ளைகள் இரண்டும், "உம்மா! உம்மா!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டன. அவர்கள் அப்படிக் கூப்பிடும்போது நான் தாய். வாப்பா கூப்பிட்டபோதுதான் நான் பிள்ளையாக இருந்தேன்.